கெமிஸ்ட்ரி படித்துவிட்டு என்ன செய்வாள்?

தேவகோட்டைக்காரி:
மகள் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்துவிட்டு பி.எஸ்சி. கெமிஸ்ட்ரிதான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அவள் அப்பத்தாவோ முகப்பில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களிடம் எல்லாம் "மருந்துக்கடையா வைக்கப் போறா?" என்று கேட்கிறார். இங்கிலீஷில் தடுமாறுகிற பிள்ளை ஆராய்ச்சி, பதவி என்று மேலே போக முடியுமா? போன பெண்கள் உண்டா?

சிக்ரி ரோடு:
ஆச்சி, காரைக்குடிக்கு பஸ் ஏறினால் பதில் கிடைக்கும். அங்கே இருக்கிற சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) விஞ்ஞானியாகக் கீழ்ப்படியில் சேர்ந்த கலைச்செல்வி 2019-ல் அதற்கே இயக்குநர் ஆனார், அந்த நாற்காலியில் முதல் பெண். 2022 ஆகஸ்டில் சிக்ரியும் சேர்ந்த மத்திய அரசின் ஆய்வக அமைப்பான சிஎஸ்ஐஆர் மொத்தத்துக்கும் தலைமை இயக்குநர் ஆனார், அங்கேயும் முதல் பெண். நாடு முழுக்க முப்பதுக்கு மேல் ஆய்வகங்கள் அவர் கைக்கு வந்தன. அம்பாசமுத்திரத்துக்காரர், படித்தது தமிழ் வழி. கல்லூரியில் அறிவியல் பிடிபட்டதே அதனால்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

பழைய ப்ராஜெக்ட் மாணவன்:
அவர் துறை லித்தியம் பேட்டரி. நானும் அந்த மாதிரி லேபில் ஆறு மாதம் இருந்தேன். ஈரக்காற்று பட்டால் லித்தியம் கெட்டுவிடும் என்பதால் ஆர்கான் நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள், முழங்கை தாண்டும் ரப்பர் உறைகளில் கையை விட்டு, சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய செல்லை ஒவ்வொரு தட்டாக அடுக்க வேண்டும், ஒன்று நழுவினால் முதலிலிருந்து. கைமுறுக்கு சுற்றுகிற அப்பத்தா என்னைவிட நன்றாகச் செய்வார்.

ஒன்று மட்டும், வெறும் பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் இந்தப் பக்கம் வர முடியாது. எம்.எஸ்சி., அப்புறம் நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர் தகுதி) வாங்கினால் பிஎச்.டி.க்கு மாதாமாதம் உதவித்தொகை. ஆனால் வருடங்கள் ஓடும், கல்யாணப் பேச்சு நடுவில் வரும்.

கண்மாய்க்கரை:
கல்யாணம் என்றதும் கெமிஸ்ட்ரி விஞ்ஞானி ஆசிமா சட்டர்ஜி ஞாபகம் வருகிறது. 1944-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் டி.எஸ்சி. என்கிற அறிவியல் டாக்டர் பட்டம்; இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் அந்தப் பட்டம் வாங்கிய முதல் பெண். கைக்குழந்தையோடு அமெரிக்கா போய் ஆராய்ச்சி செய்தார். 1962-லிருந்து இருபது வருடம் கல்கத்தா பல்கலைக்கழகத்திலேயே ‘கைரா பேராசிரியர்’ என்ற பதவி, 1975-ல் இந்திய அறிவியல் மாநாட்டின் முதல் பெண் தலைவர், பிறகு மாநிலங்களவையிலும் இருந்தார். பதவிகளை விடுங்கள், நம் ஆரைக்கீரை வகையிலிருந்து வலிப்புக்கு மருந்து கண்டவர் அவர்.

தேவகோட்டைக்காரி:
அப்பத்தாவிடம் கடைசிப் பதிலைத்தான் வாசித்தேன். "ஆரைக்கீரையா? அது கம்மாயில சும்மா கெடக்கே" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். சரி, காரைக்குடியில் சேர்த்தால் தினம் பஸ்ஸில் போய்வரலாமா, ஹாஸ்டலா?