பித்ரிக் கூஜாவைப் புளி போட்டுத் துலக்கலாமா?

கேள்வி:
என் மாமனார் ஐதராபாத்தில் பணியாற்றிய காலத்தில் வாங்கிய, கர்நாடகத்தின் பீதர் நகரக் கைவினையான பித்ரிக் கூஜா ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. கரிய உடலில் கொடியும் பூவுமாக ஓடும் வெள்ளி வேலைப்பாடு மங்கிவிட்டதால், குத்துவிளக்கைப் போலப் புளி போட்டுத் துலக்கலாமா என்று யோசிக்கிறேன். அந்தக் கறுப்பு வெறும் பூச்சுதானா? தஞ்சாவூர்த் தட்டில் உள்ளதைப் போல வெள்ளியைத் தனியே செய்து மேலே பொருத்தியிருக்கிறார்களா?

மறுமொழி 1:
புளியை அதனருகில் கொண்டு போகாதீர்கள், அம்மா. அந்தக் கறுப்பு பூச்சு அன்று. உலோகத்தின் மேற்பரப்பே நிறம் மாறி நிற்பது. புளியின் அமிலம் அதை வெளிறச் செய்துவிடும்.

துத்தநாகம் ஏறத்தாழ 16 பங்குக்குச் செம்பு 1 பங்கு என்ற கணக்கில் கலந்து, மணல் அச்சில் வார்க்கப்படும் அந்த உடல், வார்த்தவுடன் வெளிறிய சாம்பல் நிறத்தில்தான் இருக்கும். அரத்தால் ராவி, மயில்துத்தக் (செம்புச் சல்பேட்டு) கரைசலைத் தடவித் தற்காலிகமாகக் கறுக்க வைத்து, அதன்மேல் கூரிய ஊசியால் கைப்போக்கில் வரைந்து, கோட்டின் வழியே உளியால் பள்ளம் வெட்டி, வெள்ளியை அதில் வைத்துச் சுத்தியால் அடித்து இறுக்குவார்கள். மறுபடியும் ராவி மெருகேற்றிய நிலையில் வெள்ளியும் உடலும் கிட்டத்தட்ட ஒரே நிறமாகி, இவ்வளவு உழைத்த பூ கண்ணுக்கே சரியாகத் தெரியாது. பிறகு பீதர்க் கோட்டையின் பழைய பகுதிகளில் வெயிலும் மழையும் படாத இடத்து மண்ணை நவச்சாரத்தோடு (அம்மோனியம் குளோரைடு) நீரில் குழைத்து, இளஞ்சூடான பாத்திரத்தின்மேல் தேய்க்கும்போது உடல் மட்டும் கறுக்கிறது, வெள்ளி மாறுவதில்லை. மண்ணை நாவில் வைத்துப் பார்த்தே தேர்ந்தெடுப்பார்கள் என்றும் சொல்வதுண்டு.

மறுமொழி 2:
தஞ்சாவூர்த் தட்டில் புடைத்தெடுத்த தகடு மேலே அமர்கிறது. பித்ரியில் பெரும்பாலும் வெள்ளி உள்ளே புதைகிறது. கம்பி பதிப்பது தார்கஷி, தகடு பதிப்பது தைநிஷான். வெள்ளித் தகட்டில் பூவடிவை வெட்டி நீக்கி, வெள்ளி நிலத்தில் கரிய பூ தெரியச் செய்வது அஃப்தாபி. என் கண்ணுக்கு அதுவே எல்லாவற்றிலும் அழகு. வெள்ளி மேடாக எழுந்து நிற்கும் ஜர்புலந்த் என்னும் வகையும் உண்டு. உங்கள் கூஜாவை நகத்தால் வருடிப் பாருங்கள்.

கேட்டவர்:
வருடிப் பார்த்தேன், மேடு எதுவும் தட்டவில்லை. கழுத்தில் மெல்லிய கம்பிக் கொடியும், வயிற்றுப் பகுதியில் அகன்ற இதழ்களுடைய கசகசாப் பூக்களும் இருக்கின்றன.

மறுமொழி 2:
அப்படியானால் கழுத்தில் தார்கஷி, வயிற்றில் தைநிஷான். கசகசாப் பூ பித்ரியில் நெடுங்காலமாக வரும் வடிவம். கடையில் விற்கும் வெள்ளி துலக்கும் பொடியும் கறுப்பை அரித்துவிடும் என்பதால், மென்மையான பருத்தித் துணியில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு மெல்லத் துடைத்தால் போதும்.