ஆம்காவின் இறக்கையில் தொட்டி எதற்கு?

மெரினா மேகம்:
ரேடார் கண்ணில் எளிதில் படாதபடி இந்தியா உருவாக்கிவரும் போர் விமானம் ஆம்கா. 2025 பிப்ரவரியில் பெங்களூரு ஏரோ இந்தியா கண்காட்சியில் அதன் முழு அளவு மாதிரியை வைத்திருந்தார்கள். வயிற்றறைக்குள் 1,500 கிலோ ஆயுதம், உள்ளேயே 6.5 டன் எரிபொருள் என்கிறார்கள். சரி. இது போக இறக்கைக்கு அடியிலும் ஏவுகணை, ட்ராப் டேங்க் (வேண்டாதபோது கழற்றி எறியும் எரிபொருள் தொட்டி) எல்லாம் மாட்ட இடம் விடுகிறார்களாம். எனக்குப் புரியவே இல்லை. ரேடாரில் சிக்கக் கூடாது என்றுதானே இத்தனை சாய்வு, இத்தனை பூச்சு? முன்மாதிரிகளுக்கு மட்டும் 2024 மார்ச்சில் 15,000 கோடி ஒதுக்கினார்கள். ஒளிந்து விளையாடப் போகிறவன் காலில் கொலுசு எதற்கு?

தாம்பரம் ரன்வே:
எல்லா நாளும் ஒளிந்து விளையாட வேண்டியதில்லை சார். சண்டையின் முதல் சில நாட்கள் எதிரியின் ரேடாரும் வான்காப்பு ஏவுகணையும் உயிரோடு இருக்கும். அப்போது வெளியே ஒன்றும் மாட்டாமல் போவார்கள். அதையெல்லாம் அடித்து முடித்த பிறகு யாரிடமிருந்து ஒளிவது? அமெரிக்கர்கள் எஃப்-35ல் செய்வதும் இதுதான், பீஸ்ட் மோட் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். உள்ளே நான்கு ஆம்ராம் ஏவுகணைதான் போகும். வெளியிலும் மாட்டினால் குண்டும் ஏவுகணையுமாக எட்டு டன் வரை தூக்கும். நம்மிடம் 42 ஸ்க்வாட்ரன் (போர் விமானப் பிரிவு) இருக்க வேண்டிய இடத்தில் 30 கூட இல்லை. இருக்கிற ஒவ்வொரு விமானமும் இரண்டு வேலை பார்த்தாக வேண்டும்.

ஆவடி அச்சாணி:
தம்பி, "அடித்து முடித்த பிறகு" என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். லாரியில் ஏறி இடம் மாறும் ரேடாரை மூன்று நாளில் முடித்துவிட முடியுமா?

கணக்கையும் பார்ப்போம். ரேடார் எவ்வளவு தூரத்தில் பிடிக்கும் என்பது ஆர்சிஎஸ்ஸின், அதாவது ரேடாருக்கு விமானம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்ற அளவின், நான்காம் மூலத்தைப் பொறுத்தது. ஆர்சிஎஸ் 16 மடங்கானால் தூரம் இரண்டு மடங்கு, 100 மடங்கானால் மூன்று மடங்குக்குச் சற்று மேல். பேச்சுக்கு, வெறும் உடம்போடு வரும் விமானத்தை ஒரு ரேடார் 40 கிலோமீட்டரில் பிடிக்கிறது என்று வையுங்கள். நிமிடத்துக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் எதிரிக்குக் கிடைப்பது இரண்டே முக்கால் நிமிடம்கூட இல்லை. அதே விமானம் 100 மடங்கு பெரிதாகத் தெரிந்தால் 126 கிலோமீட்டரிலேயே மாட்டும். எட்டு நிமிடத்துக்கு மேல். பொறுமையாகக் குறி பார்த்து அடிக்கலாம்.

இதில் பெரிய வில்லன் தொட்டிகூட இல்லை, அதைத் தாங்கும் பைலான். இறக்கையும் பைலானும் சேரும் 90 டிகிரி மூலையில் விழும் அலை, இரண்டு இடத்தில் பட்டு வந்த திசைக்கே திரும்பிப் போகும். தொட்டியைக் கழற்றி எறிந்தாலும் பைலான் அங்கேயேதான் நிற்கும்.

தாம்பரம் ரன்வே:
அண்ணே, அதே நான்காம் மூலம் என் பக்கமும் பேசுகிறது. பதினாறு மடங்கு கெட்டாலும் தூரம் இரண்டு மடங்குதான் கூடுகிறது! அப்புறம் பிரம்மோஸை எங்கே வைப்பீர்கள்? விமானத்திலிருந்து ஏவும் வகையே 2.5 டன். ஆம்காவின் வயிற்றறைக்குள் போகாது.

ஆவடி அச்சாணி:
பிரம்மோஸுக்கு ஆம்கா எதற்கு? தஞ்சாவூரில் 2020 ஜனவரியிலிருந்து 222ஆம் ஸ்க்வாட்ரன் சுகோய்கள் அந்த வேலைக்குத்தானே நிற்கின்றன? பல நூறு கிலோமீட்டர் தள்ளி நின்று ஏவும் ஆயுதம் அது. வானில் விமானத்தை அடிக்கும் அஸ்திரா ஏவுகணை 154 கிலோ, நீளம் நான்கு மீட்டருக்குள். அதை உள்ளே வையுங்கள். வெளியே தொங்கவிட்டுத்தான் பறக்க வேண்டும் என்றால் சூலூர் தேஜஸ் போதும், செலவும் குறைவு.

வேளச்சேரி வேடிக்கை:
இடையில் ஒரு விஷயம். 2024 அக்டோபர் மெரினா ஷோவில் சுகோய் தலைக்கு மேல் திரும்பியபோது அடிப்பக்கம் நன்றாகத் தெரிந்தது. தொட்டி எதுவும் இல்லை. ஷோ என்பதால் கழற்றிவிட்டார்களா?

ஆவடி அச்சாணி:
சுகோய்-30க்கு ட்ராப் டேங்கே கிடையாது. ஒன்பது டன்னுக்கு மேல் உள்ளேயே பிடிக்கும். எஃப்-35க்கும் முதலில் வெளித் தொட்டி போடும் திட்டம் இருந்தது, பிறகு கைவிட்டார்கள். அதற்கும் உள்ளேயே எட்டு டன்னுக்கு மேல். வடிவமைக்கும்போதே உடம்பைக் கொஞ்சம் பெரிதாக்கியிருந்தால் இந்தப் பேச்சே வராது.

தாம்பரம் ரன்வே:
பெரிதாக்கினால் எடை கூடும், இன்ஜின் பத்தாது. ஆம்கா இப்போதே 25 டன், முதல் வகைக்குக் கிடைப்பது ஜிஇ-414 இரண்டு. ஒளிந்து பறக்கும் இன்னொரு அமெரிக்க விமானம் எஃப்-22 மட்டும் என்ன? 600 கேலன் தொட்டி இரண்டை மாட்டிக்கொண்டுதான் கடல் தாண்டுகிறது. உங்கள் பைலான் பிரச்சினைக்கும் அங்கே வழி பார்க்கிறார்கள். இழுவை குறைந்த புதுத் தொட்டி, வேண்டாதபோது பைலானோடு சேர்ந்து கழன்று விழும்படி. அதைச் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆவடி அச்சாணி:
எஃப்-22 படைக்கு வந்தது 2005ல். இத்தனை வருடம் கழித்தும் சோதனைதான். விழுந்த இடத்தில் ஓட்டை, விளிம்பு எதுவும் மிஞ்சக் கூடாது, அதுதான் கஷ்டம். ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்குக் கொண்டுபோகத் தொட்டி மாட்டுங்கள், ஆட்சேபணை இல்லை. சண்டைக்கு வேண்டாம்.

மெரினா மேகம்:
அப்படியென்றால் தஞ்சாவூரிலிருந்து போர்ட் பிளேர் வரை தொட்டியோடு போய், அங்கே கழற்றிவிட்டுச் சண்டைக்குப் போகலாமா? சென்னையிலிருந்தே 1,350 கிலோமீட்டருக்கு மேல் வருகிறதே.

தாம்பரம் ரன்வே:
போகலாம் சார். ஆனால் அங்கிருந்து இன்னும் கிழக்கே போய்த் திரும்ப வேண்டுமென்றால் வானிலேயே எரிபொருள் தர டேங்கர் வேண்டும். விமானப்படையிடம் சொந்தமாக இருக்கும் ஐஎல்-78 டேங்கர் மொத்தம் ஆறு, தளம் ஆக்ராவில். புது டேங்கர் வாங்கும் பேச்சு எத்தனை வருடமாக இழுக்கிறது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அண்ணன் அதற்கு ஒரு வழி சொல்லட்டும், பைலானை நானே கழற்றிவிடுகிறேன்.