மீன்பாடி வண்டியில் 100 சிசி எஞ்சின் ஓவர் ஹீட்: விசிறியா, ஆயில் கூலரா? உதவி தேவை

காசிமேடு_லோடு:
மீன் ஏத்துற மூணு சக்கர வண்டி: முன்னாடி ரெண்டு சக்கரம், பின்னாடி ஒண்ணு. 100 சிசி நாலு ஸ்ட்ரோக் பைக் எஞ்சின், படுக்கை சிலிண்டர், சீட்டுக்குக் கீழ. ஸ்ப்ராக்கெட் முன் 14 பல், பின் 42 பல். ஐஸ் பெட்டியோட சேர்த்து லோடு 250 கிலோ வரைக்கும் போகும்.

காசிமேட்டுல ஏத்திக்கிட்டு வியாசர்பாடி பக்கம் போறதுக்குள்ள இழுவை செத்துடுது. பேசின் பிரிட்ஜ் ஏத்தத்துல மூணாவது கியர்ல டிங் டிங்னு சத்தம். நிறுத்திட்டா சூடு ஆறுற வரைக்கும் ஸ்டார்ட் ஆகாது. பெண்ட் பைப் (எஞ்சின்ல இருந்து புகை வெளிய வர்ற பைப்) நீலம் பூத்துக் கிடக்கு.

20டபிள்யூ-50 ஆயில் ஊத்தியாச்சு, ஈரச் சாக்கு கட்டியாச்சு, ஒண்ணும் சரியா வரல. கம்ப்யூட்டர் விசிறி ரெண்டு மாட்டலாமா? ஆயில் கூலர் போட்டா தேறுமா?

ராயபுரம்_டிங்கர்:
மொதல்ல அந்த ஈரச் சாக்கைக் கழட்டுங்க தம்பி. கொதிக்கிற ஹெட்டுல (சிலிண்டர் மூடி) ஒரு பக்கம் மட்டும் குளிர்ந்தா அலுமினியம் கோணும், கேஸ்கெட் ஊதும். சாக்கு காய்ஞ்சா காத்தையும் அடைக்கும்.

உங்க வண்டியில எஞ்சினுக்கு முன்னாடி பலகையும் பெட்டியும் சுவர் மாதிரி நிக்குது. பைக்ல வர்ற எதிர்காத்து இங்க துளியும் கிடையாது. அதனால காத்து வழி வேணும்தான். ஆனா அதுக்கு முன்னாடி நாலு விஷயம் பார்த்துச் சொல்லுங்க: பிளக் என்ன நிறம்? லோடு இல்லாம நியூட்ரல்ல தள்ளினா ஒரு கையால நகருதா? மூணு சக்கரத்தையும் தனித்தனியா தூக்கிச் சுத்தினா பிரேக் உரசுதா? ஹெட்டுல மீன் தண்ணி சொட்டுதா?

காசிமேடு_லோடு:
பிளக் சாம்பல் வெள்ளை. பின் டிரம் லேசா உரசுது. தண்ணி நேரா ஹெட்டு மேலதான் சொட்டுது, ஃபின்ஸ் (சூட்டைக் காத்துல விடுற தகடு வரிசை) நடுவுல வெள்ளையா உப்பு படிஞ்சிருக்கு.

பல்லும்_செயினும்:
விசிறி அப்புறம். 14க்கு 42ன்னா விகிதம் 3.0. இது 2 பேர் போற பைக்குக்குப் போட்ட கணக்கு. 250 கிலோவை அதுல இழுத்தா ஆர்பிஎம் கீழ கிடக்கும், ஆக்ஸிலேட்டர் முழுசா திறந்திருக்கும். எஞ்சின் திணறுற இந்த நிலையிலதான் சூடும் நாக்கிங்கும் (கலவை நேரம் தப்பி வெடிக்கிறது) அதிகம். நீங்க சொன்ன டிங் டிங் அதேதான். அதோடயே ஓட்டினா பிஸ்டன் தலை உருகும்.

முன் 13, பின் 48 போடுங்க. விகிதம் 3.69, அதாவது இழுவை 23 சதவீதம் கூடும், டாப் வேகம் சுமார் 19 சதவீதம் குறையும். மீன் லோடுக்கு அது போதும். 428 செயின்னா 2 கண்ணி சேர்த்து, பின் சக்கரத்தை சுமார் 5 மி.மீ. முன்னால தள்ளினா பொருந்தும். லாக் கிளிப்போட மூடின பக்கம் செயின் ஓடுற திசையைப் பார்க்கணும், மாத்திப் போட்டா கழன்டுடும். தேய்ஞ்ச செயினைப் புது பல்லுல போடாதீங்க. ஏத்தத்துல மூணுல தொங்காம சீக்கிரமே ரெண்டுக்கு இறங்குங்க.

கார்ப்_கைராசி:
வெள்ளை பிளக்னா கலவையில பெட்ரோல் பத்தல. இப்போ பங்க்ல கிடைக்கிறது 20 சதவீத எத்தனால் கலந்தது. சுத்த பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காத்து சரி, இதுக்கு 13.5 பக்கம்தான் சரி. பழைய கார்ப்ரேட்டர் பழைய ஜெட்டோடவே (பெட்ரோல் அளவா போற சின்னத் துளை) ஓடினா கலவை தானா வறண்டுடும்.

ஜெட் மாத்துறதுக்கு முன்னாடி கார்ப்ரேட்டரை எஞ்சினோட இணைக்கிற மேனிஃபோல்ட் ரப்பரைப் பாருங்க. எஞ்சின் ஐடில்ல ஓடும்போது ரப்பரைச் சுத்தி சோப்புத் தண்ணி தெளிங்க. சத்தம் மாறினா விரிசல் வழியா காத்து இழுக்குதுன்னு அர்த்தம். பெட்ரோல் தெளிச்சுப் பார்க்கிற பழக்கம் வேண்டாம், பக்கத்துலயே கொதிக்கிற சைலன்சர் இருக்கு. ரப்பர் சரியா இருந்தா மெயின் ஜெட் ஒரு அளவு மேல போடுங்க. லோடோட முழு ஆக்ஸிலேட்டர்ல கொஞ்ச தூரம் போய், கிளட்ச் பிடிச்சு அப்படியே ஆஃப் பண்ணி பிளக்கைக் கழட்டிப் பாருங்க. காபிப்பொடி நிறம் வரணும். கறுப்பா புகை படிஞ்சா அதிகமாயிடுச்சு. டாப்பெட் (வால்வு இடைவெளி) ரொம்ப டைட்டா இருந்தாலும் எக்ஸாஸ்ட் வால்வு எரியும், ஆறின எஞ்சின்ல மானுவல் அளவுக்கு வைங்க.

ராயபுரம்_டிங்கர்:
இப்போ காத்து வழிக்கு வருவோம். பலபேர் தப்பு பண்றது இங்கதான். படுக்கை சிலிண்டர்ல பிளாக்கோட ஃபின்ஸ் குறுக்கால நிக்கும். நேர் முன்னாலிருந்து ஊதினா காத்து முதல் ஃபின்ல முட்டித் திரும்பிடும். பக்கவாட்டுல ஊதினாத்தான் இடுக்குக்குள்ள புகுந்து அந்தப் பக்கம் வெளிய வரும். டைமிங் செயின் பக்கம் சுவருக்குள்ள செயின் பாதை இருக்கிறதால அங்க ஊதிப் பலன் கம்மி, எதிர்ப்பக்கத்துல வைங்க. கீழிருந்து மேல ஊதினாலும் ஃபின்ஸ்ல புகும், ஆனா அந்தச் சூடு நேரா கார்ப்ரேட்டருக்குப் போகும்.

0.8 மி.மீ. ஜி.ஐ. தகடுல ஒரு கூடு அடிங்க. ஃபின்ஸ் நுனிக்கும் தகடுக்கும் இடைவெளி 10 மி.மீ. இருந்தா போதும். அதுக்கு மேல விட்டா காத்து ஃபின்ஸைத் தொடாம சுலபமான வழியில ஓடிடும். வெளிய போற வாய் உள்ள வர்ற வாயை விடப் பெரிசா இருக்கணும், இல்லன்னா அழுத்தம் கட்டும். பிவிசி பைப்பை எஞ்சின் கிட்ட கொண்டு போகாதீங்க, 80 டிகிரியிலேயே தொய்யும்.

பலகைக்கு அடியில எஞ்சின் அகலத்துக்கு ஒரு தகரத் தட்டு, சரிவா, ஓரத்துல ஹோஸ் வச்சு தண்ணியைப் பின்னால விடுங்க. ஃபின்ஸ் உப்பை ஆறின எஞ்சின்ல நல்ல தண்ணியும் பிரஷும் வச்சுத் தேய்ங்க. உப்பும் செதிலும் அடைச்ச ஃபின் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

பெண்ட் பைப்புக்கு துணி டேப் சுத்தச் சொல்வாங்க, மீன் வண்டிக்கு ஆகாது. உப்புத் தண்ணியைக் குடிச்சு உள்ளுக்குள்ளயே பைப்பைத் துருவாக்கிடும். 20 மி.மீ. தள்ளி ஒரு தகரம் வைங்க, கால் சுடாது.

வயரிங்_வண்ணை:
கம்ப்யூட்டர் விசிறி வேண்டாம் அண்ணே. 0.2, 0.3 ஆம்பியர் விசிறிக்கு ஃபின்ஸ் இடுக்குல காத்தைத் தள்ளுற பலம் இல்ல, தண்ணி பட்டாலும் போயிடும். தண்ணி கூலிங் பைக்ல வர்ற சின்ன ரேடியேட்டர் விசிறி புதுப்பேட்டையில பழசு கிடைக்கும். 12 வோல்ட்டுல ஓடவிட்டு ஆம்பியர் பார்த்து வாங்குங்க, 4க்குள்ள இருக்கட்டும்.

பழைய பைக் காயில் பேட்டரிக்குக் கொடுக்குறது ஒரு ஆம்பியர் பக்கம்தான். அதுல விசிறி ஓட்டினா ஹாரன்கூட அடிக்காது. தனியா 12 வோல்ட் 7 ஏஎச் யுபிஎஸ் பேட்டரி வச்சு வீட்டுல சார்ஜ் போடுங்க. ஒரு மணி நேரத்துக்கு மேல நம்பாதீங்க. ஏத்தத்துலயும், எண்ணூர் ரோட்டுல கண்டெய்னர் லாரி க்யூவுல நிக்கும்போதும் மட்டும் போட்டா போதும்.

பேட்டரி பிளஸ்ல இருந்து ஒட்டியே 10 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயோட (சுவிட்சுக்குப் பதிலா பெரிய கரண்ட்டைத் தாங்குறது) 30ம் நம்பர் முனை. 87ம் முனை விசிறிக்கு. 85 எர்த். 86 ஹேண்டில் சுவிட்சுக்கு. விசிறி வயரை மாத்திக் கொடுத்தா ஊதாம உறிஞ்சும், ஒரு காகிதத்தைப் பிடிச்சுப் பார்த்துக்கோங்க.

பல்லும்_செயினும்:
ஆயில் கூலருக்கு இப்போ பணம் போடாதீங்க. அந்த எஞ்சின் பம்ப் சின்னது. உப்புத் தண்ணியில ஹோஸ் கிளிப் துருப்பிடிச்சுக் கழன்டா ஆயில் மொத்தமும் ரோட்டுல, எஞ்சின் சீஸ். கெட்டி ஆயிலும் சூட்டைக் குறைக்காது. 10டபிள்யூ-30, ஜாசோ எம்ஏ (பைக் கிளட்சுக்கு ஏத்த ஆயில்னு காட்டுற குறி) போட்டது வாங்குங்க. கார் ஆயில் ஊத்தினா கிளட்ச் வழுக்கி அதுவே சூடு கிளப்பும். டிப்ஸ்டிக்கைத் திருகாம வச்சு அளவு பாருங்க.

இன்னொண்ணு, ஆர்.சி. வண்டியா இருந்தா மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு மாத்தங்களுக்குப் பொருந்தும். ஆர்.சி.யே இல்லன்னா இன்சூரன்ஸும் இல்ல, விபத்துன்னா முழுச் செலவும் உங்க தலையில. தெரிஞ்சே ஓட்டுங்க.

காசிமேடு_லோடு:
சரிண்ணே. வேலை செய்யுதான்னு எப்படி அளக்கறது? கையில தொட்டுப் பார்த்தா எல்லாம் ஒண்ணாத்தான் சுடுது.

கார்ப்_கைராசி:
ரிச்சி ஸ்ட்ரீட்ல கே வகை தெர்மோகப்பிள் (சூடு அளக்கிற வயர்), வளையம் வச்சது, கூடவே டிஸ்பிளே மீட்டர் வாங்குங்க. பிளக் வாஷரை எடுத்துட்டு அந்த இடத்துல வளையத்தைப் போட்டு இறுக்குங்க. 150லிருந்து 200 டிகிரி வரைக்கும் கவலை இல்ல, 230 தாண்டினா நிறுத்துங்க. தொடாம சூடு அளக்கிற லேசர் துப்பாக்கி பளபளக்கிற அலுமினியத்துல குறைச்சுக் காட்டும், அதை நம்பணும்னா ஹெட்டுல ஒரு ரூபாய் அளவு கறுப்பு மேட் பெயிண்ட் அடிச்சு அங்க பிடிங்க.

எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தாதீங்க. பிரேக் உரசல், ஃபின்ஸ், தண்ணித் தட்டு முதல்ல. அப்புறம் ஸ்ப்ராக்கெட், ஜெட். ஒவ்வொண்ணுக்கும் பிறகு அதே லோடுல அதே பாலத்து ஏத்தத்துல அளவு எடுங்க. அதுக்கப்புறமும் 200க்கு மேல நின்னாதான் தகரக் கூடும் விசிறியும்.