பிள்ளை பெத்தவளுக்குப் பால்சுறா: கொடுக்கலாமா, கூடாதா?

கானாடுகாத்தான் மகள்:
எட்டு மாசம். தலைப்பிரசவத்துக்கு ஆத்தா வீட்டுக்கு வந்திருக்கேன். பிள்ளை பிறந்ததும் பால் சுரக்கணும்னு ஆத்தா இப்பவே மீன்காரரிடம் பால்சுறாவுக்குச் சொல்லி வெச்சாச்சு. அதுவரைக்கும் வாரம் ரெண்டு நாள் வஞ்சிரம். நேத்து செக்கப்புல டாக்டரம்மா, "பெரிய சுறா, பெரிய வஞ்சிரம் இப்ப வேண்டாம், பாதரசம் இருக்கும்"னு சொல்லிட்டாங்க. ஆத்தாவுக்குக் கோபம்னா கோபம். "உன்னைப் பெத்தப்ப நான் தின்னது என்னவாம்?"னு கேக்குறாங்க. எனக்குப் பதில் தெரியல. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மீன்கூடை:
தங்கச்சி, காரைக்குடியில 22 வருசமா மீன் விக்கிறேன். ராத்திரி 2 மணிக்குக் கிளம்பி தொண்டி போயி, ஏலம் எடுத்து, விடியறதுக்குள்ள தேவகோட்டை தாண்டி வந்துடுவேன். நான் கொடுக்கிற மீனுக்குச் செவுளைத் தூக்கிப் பாருங்க, ரத்தமா சிவந்திருக்கும். நம்ம பக்கத்துக் கடல்ல ஆலை எங்க இருக்கு? எண்ணூர்ல அனல்மின் நிலையச் சாம்பல் கலக்குறான்னா அது எண்ணூர்ப் பிரச்சினை. இந்த மாதிரி பேச்சு கிளம்பினா ஒரு வாரத்துக்கு வியாபாரம் படுத்துடும், தெரியுமா?

பள்ளத்தூர் ஆச்சி:
தம்பி சொல்றது சரி. சுறாவை அப்படியேவா திங்கிறோம்? மஞ்சப்பொடி போட்டு வேகவெச்சு, தோலை உரிச்சு மணலை வழிச்சு, வெந்த தண்ணியைக் கொட்டி, துணியில போட்டு ஒட்டப் பிழிஞ்சு, அப்புறம்தான் புட்டா உதிர்க்கிறது. அதுக்குமேல உரிச்ச பூண்டு ஒரு கை, சின்ன வெங்காயம், சோம்பு. இத்தனையும் தாண்டி என்ன விஷம் நிக்கும்?

தொண்டிக்கரை:
ஆச்சி, நீங்க பிழிஞ்சு கொட்டுறதுல போறது யூரியா. சுறாவோட உடம்புலயே அது நிறைய உண்டு, அதனாலதான் அந்த மூத்திர நெடி. பாதரசம் அப்படிப் போகாது. மீன்ல சேர்ற பாதரச வகைக்கு மெத்தில் பாதரசம்னு பேரு, அது சதையில உள்ள புரதத்தோட ஒட்டிக்கும். வேகவெச்சாலும் வறுத்தாலும் அங்கேயேதான் இருக்கும். தண்ணியைப் பிழிஞ்சுட்டா ஒரு கிராம் சதைக்கு உள்ள அளவு கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

மீன்கூடை அண்ணே, நான் தொண்டியில கடலியல் படிச்சவன். உங்க மேல எனக்குக் குறை இல்ல. ஆனா செவுள் சிவப்பு சொல்றது மீன் எப்ப செத்துச்சுன்னு மட்டும்தான், அது எதைத் தின்னு வளர்ந்துச்சுன்னு சொல்லாது. பாதரசத்துக்குப் பக்கத்துல ஆலை இருக்கணும்னும் அவசியம் இல்ல. நிலக்கரி எரிக்கிறப்போ, தங்கம் பிரிக்கிறப்போ ஆவியாக் கிளம்பி, காத்தோட கண்டம் தாண்டிப் போயி மழையில இறங்கும். அடிச்சேத்துல காத்துப் படாத இடத்துல இருக்கிற பாக்டீரியா அதை மெத்தில் பாதரசமா மாத்தும். தண்ணியில மிதக்கிற நுண்ணிய மிதவை உயிர் அதை எடுக்கும், சூடை மாதிரி பொடிமீன் மிதவையைத் தின்னும், பெருசு சூடையைத் தின்னும். படிக்குப் படி ஏறி, சுறாவுக்கு வர்றப்போ தண்ணியில இருந்ததைப் போல பத்து லட்சம் மடங்குகூட இருக்கும்.

மீன்கூடை:
அப்படின்னா மீனு செத்து மிதக்கணுமே? துள்ளத் துள்ள வலையில வருதே.

தொண்டிக்கரை:
செத்து மிதந்தா நல்லதுண்ணே, எல்லாருக்கும் தெரிஞ்சிரும். உலோகம் அப்படிச் செய்யறது அபூர்வம். ஆத்துமீன் தண்ணி குடிக்கிறது ரொம்பக் குறைவு. சுறா இனம் தவிர மத்த கடல்மீன் குடிச்சுக்கிட்டே இருக்கும். உப்புத்தண்ணி அது உடம்பு நீரை உறிஞ்சுறதால குடிச்சே ஆகணும், ஏறின உப்பைச் செவுள் வழியா வெளிய தள்ளணும். அதனால உலோகம் செவுள்லயும் படுது, குடல் வழியாவும் உள்ள போகுது. தாமிரமோ காட்மியமோ கூடுதலாப் பட்டா செவுள்ல கோழை கட்டும், சீப்புப் பல்லு மாதிரி இருக்கிற இதழ்கள் தடிச்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டும். மூச்சும் திணறும், உப்பைத் தள்ளுற வேலையும் கெடும். அப்பவும் மீன் நீந்திக்கிட்டுத்தான் இருக்கும்.

தாமிரம் மோப்பத்தையும் மழுக்கும். பக்கத்துல எதிரி வர்றதே தெரியாது. காட்மியம் சுண்ணாம்புச் சத்து இருக்க வேண்டிய இடத்துல நுழையும், பொரிஞ்ச குஞ்சு முதுகெலும்பு வளைஞ்சு வரலாம். முட்டையும் குஞ்சும்தான் முதல்ல அடி வாங்கும். குஞ்சு கடல்லயே கரைஞ்சு போறதை நம்ம வலை எப்படிக் காட்டும்? பிடிபடுறது தப்பிச்சு வளர்ந்ததுதானே.

மீன்கூடை:
எங்கப்பா வலைக்கு ஈயக்குண்டு தானே உருக்கி ஊத்துவாரு. 80 வயசு இருந்தாரு. ஈயம் கெடுதல்னா அவருக்குல்ல முதல்ல வந்திருக்கணும்?

தேவகோட்டை வாத்தியார்:
வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதால் இடையில் ஒரு விளக்கம். நம் வீட்டில் ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம். வலைக்குண்டு காரீயம். பேர் ஒன்று, உலோகம் வேறு. காரீயத்தை உருக்கும் இடத்தில் பிள்ளைகளை நிறுத்தவே கூடாது. அது பெரியவரை வீழ்த்தாமல் போகலாம், வளரும் மூளையைத் தொட்டுவிடும். மீனிலும் காரீயம் பெரும்பாலும் எலும்பிலும் செவுளிலும் தங்கும், சதையில் குறைவு. காட்மியம் ஈரலிலும் சிறுநீரகத்திலும். பாதரசம்தான் நாம் தின்னும் சதைக்கே வருகிறது. ஆகவே எல்லா உலோகத்தையும் ஒரே பயமாகப் பேசுவதும் பிழை.

மீன்கூடை:
அதைத்தான் ஐயா நானும் சொல்றேன். கணவாய்ல காட்மியம்னு வெளிநாட்டுல இருந்து திருப்பி அனுப்புறான். நம்ம ஊரு தண்ணி கெட்டதால்தான்னு பேசுறான். கணவாய் எந்தக் கடல்ல பிடிச்சாலும் அப்படித்தானாமே?

தொண்டிக்கரை:
அது உண்மைண்ணே, ஒத்துக்கிறேன். கணவாயோட ஈரல் இயல்பாவே காட்மியத்தைச் சேர்த்து வைக்கும். ஐரோப்பாவுல கிலோவுக்கு 1 மில்லிகிராம்னு வரம்பு வெச்சிருக்கான், அதுவும் குடல் எடுத்த கணவாய்க்கு. ஈரலை உடைக்காம குடலோட சேத்துச் சுத்தமா எடுத்தாலே முக்கால்வாசிக் கவலை தீர்ந்தது. சுறாவுக்கு அந்த வழி இல்லையே, சதையே பாதரசம் தங்குற இடம்.

பள்ளத்தூர் ஆச்சி:
காலங்காலமா தின்னோம், யாருக்கு என்ன ஆச்சு? பால் சுரக்கணும்னுதான் அதுக்குப் பேரே பால்சுறா.

தொண்டிக்கரை:
ஆச்சி, ஜப்பான்ல மினமாட்டா விரிகுடாவுலயும் காலங்காலமாத்தான் மீன் தின்னாங்க. ஒரு ரசாயன ஆலை 1932-லேர்ந்து 1968 வரைக்கும் பாதரசக் கழிவைக் கடல்ல விட்டுச்சு. முதல்ல பூனைங்க சுத்திச் சுத்தி விழுந்துச்சு. 1956-லதான் நோய்னு பதிவாச்சு. அதுல என்னை உறைய வெச்சது ஒண்ணுதான். சில தாய்மாருக்கு வெளிய ஒரு குறையும் தெரியல, அவங்க வயித்துப் பிள்ளை கை கால் முடங்கிப் பிறந்துச்சு. நஞ்சுக்கொடி மெத்தில் பாதரசத்தைத் தடுக்காது, பிள்ளை ரத்தத்துல தாயைவிடக் கூடுதலாவே ஏத்திவிடும். நம்ம சுறாவுல அந்த அளவு இருக்குன்னு நான் சொல்லல. யாருக்கு ஒண்ணும் ஆகலன்னு தாயை மட்டும் பாத்துச் சொல்லாதீங்கன்னுதான் சொல்றேன்.

தேவகோட்டை வாத்தியார்:
கணக்குப் போட்டுப் பார்த்தேன். உலக அளவில் சுறாவுக்கு அனுமதித்த உச்சவரம்பு கிலோவுக்கு 1.6 மில்லிகிராம் மெத்தில் பாதரசம். மனிதருக்கு ஒரு வாரத்துக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம். 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 96 மைக்ரோகிராம். வரம்பைத் தொட்ட சுறாவாக இருந்தால் 60 கிராம் சதையிலேயே அந்த வாரக் கணக்கு முடிந்தது. நம் வீட்டு எவர்சில்வர் கிண்ணத்தில் இரண்டு கரண்டி புட்டு. பரிமாறுகிற ஆச்சி அதோடு நிறுத்துவாரா?

மீன்கூடை:
பால்சுறா சின்ன இனம்தான் ஐயா. பெரிய சுறா மாதிரி பல வருசம் வளர்ந்தது இல்ல. எறாவும் பொடிமீனும் தின்னுறது. அதுல அவ்வளவு ஏறாது.

தொண்டிக்கரை:
முழு மீனா, குட்டையா கண்ணு முன்னாடி வெட்டிக் கொடுத்தா உங்க பேச்சு சரி, பெருசைவிடக் குறைவாத்தான் இருக்கும். பல கடையில துண்டு போட்டுத்தான் வருது. தோலை உரிச்சுட்டா எந்தச் சுறான்னு எனக்கே சொல்ல வராது. பிறந்த பிறகு தாய்ப்பாலில் போறது வயித்துல போறதைவிடக் குறைவு, அதையும் மறைக்கல. ஆனா உடம்புல ஏறின பாதரசம் பாதி குறையறதுக்கே ரெண்டு மாசம் போல ஆகும். தங்கச்சிக்கு இப்ப எட்டு மாசம். அதனால முதல்ல விட வேண்டியது அந்த வஞ்சிரம்.

கானாடுகாத்தான் மகள்:
அப்ப மீனே வேண்டாமா? எனக்கு ரத்தம் வேற குறைவுன்னு சொல்லியிருக்காங்க.

தொண்டிக்கரை:
ஐயோ, அப்படி இல்ல. பிள்ளை மூளைக்கு மீன் நல்லது. மீனை மாத்துங்க. காரல், சூடை, நெத்திலி. பொடிமீன், ஒண்ணை ஒண்ணு தின்னுற சங்கிலியில கீழ்ப்படி, ஆயுசும் குறைவு.

பள்ளத்தூர் ஆச்சி:
காரல்னா நானே சொல்வேன். அதுவும் பால் சுரக்கும், எங்க ஆயா கொடுத்திருக்காங்க. செதில் சீவுற வேலை இல்ல, தலையைக் கிள்ளி, குடலை விரலால உருவிட்டு, மிளகும் பூண்டும் தட்டிப்போட்டுக் கொதிக்க விட்டு இறக்கு. முள்ளு தொண்டையில நிக்கும், சாறை மட்டும் வடிச்சுக் குடி. சுறாப்புட்டை நான் விட்டேன்னு இல்ல. இவளுக்கு மட்டும் இப்ப வேண்டாம்.

மீன்கூடை:
காரல் ஏலத்துல கூறு கூறா கிடக்கும், லாபம் இல்லைன்னு நான் தூக்குறதே இல்ல. நாளைக்கு ரெண்டு கிலோ எடுத்து ஐஸ் போட்டு வைக்கிறேன் தங்கச்சி. ஆனா தம்பி, பால்சுறா விஷம்னு மட்டும் எங்கயும் எழுதாத. சொல்றதுன்னா எந்த மீன், எவ்வளவு, யாருக்குன்னு சேத்து எழுது.

கானாடுகாத்தான் மகள்:
ஆத்தாகிட்ட எல்லாத்தையும் வாசிச்சுக் காமிச்சேன். காரலுக்குச் சரின்னுட்டாங்க. வஞ்சிரத்துக்கு இன்னும் ஒண்ணும் சொல்லல, சமையக்கட்டுல சத்தமா பாத்திரம் வைக்கிறாங்க.