‘டி.ஆர்.எம்.’ கலைச்சொல்: ‘உரிமப்பூட்டு’ என்ற முன்மொழிவு

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். காணொளி இயக்கியின் (வீடியோ பிளேயர்) தமிழாக்கத்தில் இன்னும் முடிவாகாமல் நிற்கும் சொற்களில், படம், பாட்டு போன்றவற்றை அனுமதி பெற்ற கருவியிலும் இயக்கியிலும் மட்டுமே திறக்கவிடும் தொழில்நுட்பத்தைக் குறிக்கும் ‘டி.ஆர்.எம்.’ முதன்மையானது. இந்த இழையில் இதுவரை ‘எண்ணிம உரிமை மேலாண்மை’, ‘நகல்காப்பு’, ‘எண்ணிமக் கட்டுப்பாட்டு மேலாண்மை’ ஆகிய மூன்றும் முன்வைக்கப்பட்டுள்ளன. நான்காவதாக ‘உரிமப்பூட்டு’ என்ற சொல்லை முன்மொழிகிறேன்.

‘நகல்காப்பு’ சுருக்கமான சொல்தான். ஆனால் நடப்பதை அது சொல்லவில்லை. சென்ற மாதம், பல ஆண்டுகளுக்கு முன் நான் விலைகொடுத்து வாங்கிய டிவிடி ஒன்றைப் பலகைக் கணினியில் பார்க்க விரும்பினேன். அதில் வட்டு செருக வழியில்லை என்பதால், மேசைக் கணினியில் வட்டை இட்டு, அங்கிருந்த இயக்கியில் சற்று நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, படமும் ஒலியும் அடங்கிய, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1 ஜிபி அளவுள்ள வி.ஓ.பி. கோப்புகளை அப்படியே நகலெடுத்தேன். எந்தத் தடையும் எழவில்லை. கோப்புகளின் அளவில் ஒரு பைட்டும் குறையவில்லை. பலகைக் கணினியில் திறந்தபோதுதான் பச்சையும் இளஞ்சிவப்புமான சதுரங்கள் திரையெங்கும் சிதறின. இடையிடையே யாரோ ஒருவருடைய முகத்தின் பாதி தெரிந்து மறைந்தது. ஒலி அறுந்தறுந்து கரகரத்தது. நகல் எடுக்கவிட்டுப் பார்க்கவிடாத ஒன்றை ‘நகல்காப்பு’ என்று எப்படி அழைப்பது?

காரணம் எளிது. 1996-இல் டிவிடிக்காகக் கொண்டுவரப்பட்ட சி.எஸ்.எஸ். என்னும் காப்பு முறையில், படத்தின் பல துண்டுகள் 40 பிட் நீளமுள்ள சாவியால் மறையாக்கம் செய்யப்படுகின்றன, அதாவது சாவி இன்றிப் படிக்க முடியாதபடி மாற்றப்படுகின்றன. அதைத் திறக்கத் தேவையான சாவிகளில் ஒன்று வட்டின் உள்விளிம்பை ஒட்டிய பகுதியில், சாதாரண நகலெடுப்பில் கைக்கு வராத இடத்தில் இருக்கிறது. அதைப் படித்து விடுவிக்கும் மற்றொரு சாவியை, உரிமம் பெற்ற இயக்கிகள் மட்டுமே தம்முள் வைத்திருக்கின்றன. ஆகவே பூட்டு இருப்பது பார்ப்பதில். அதைத் திறக்கும் தகுதியைத் தருவது உரிமம். இணையவழிப் படங்களுக்கும் இதே அமைப்புத்தான். ஆண்ட்ராய்டு பலகைக் கணினிகளில் உள்ள, கூகுளின் வைட்வைன் என்னும் டி.ஆர்.எம். முறையில், கருவியின் வன்பொருளிலேயே பாதுகாப்பான பகுதி இருந்தால் முதல் நிலைச் சான்று கிடைக்கும். மூன்றாம் நிலை மட்டுமே உள்ள கருவிக்குப் பெரும்பாலான சேவைகள் தெளிவு குறைந்த படத்தையே அனுப்பும். திரை எவ்வளவு கூர்மையானதாக இருந்தாலும் பயனில்லை.

‘எண்ணிம உரிமை மேலாண்மை’ சொல்லுக்குச் சொல் சரியான பெயர்ப்பு. எனக்குள்ள தயக்கமும் அதுவேதான். வாக்குரிமை, சொத்துரிமை, தகவல் அறியும் உரிமை என்று பழகிய காதுக்கு, ‘உரிமை’ என்றதும் அது தன்னுடைய உரிமை என்றே படும். இங்கே மேலாண்மை செய்யப்படுவது யாருடைய உரிமை என்பது அந்தத் தொடரில் இல்லை. கட்டற்ற மென்பொருள் அமைப்பினர் இதற்காகவே ‘உரிமை’ என்ற இடத்தில் ‘கட்டுப்பாடு’ என்று மாற்றி வழங்குகிறார்கள். மூன்றாவது முன்மொழிவும் அதைப் பின்பற்றியதே. அவர்களுடைய கருத்தில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆயினும் பிழைச்செய்தியில் இடம்பெறும் சொல் பரப்புரை செய்யத் தொடங்கினால், அதைப் படிக்கும் பயனருக்குப் பரப்புரை நினைவிருக்கும், படம் ஏன் ஓடவில்லை என்பது விளங்காது. தவிர, அந்த நீளத்தைப் பலகைக் கணினியின் சிறிய பொத்தானில் எங்கே அடக்குவது?

‘தாழ்’ என்ற பழஞ்சொல்லைப் பயன்படுத்தலாமே என்று தனிமடலில் ஒரு நண்பர் கேட்டிருந்தார். அழகான சொல். ஆனால் தாழ்ப்பாளை வீட்டுக்குள் இருப்பவர்தாம் போட்டுக்கொள்கிறார். பூட்டை வெளியிலிருந்து வேறொருவரும் போடலாம். வட்டு என்னுடையது, சாவி இன்னொருவருடையது என்ற இந்த நிலைக்குப் பூட்டே பொருந்தும்.

இனி, பூட்டைத் திறப்பதற்கான வினைச்சொல். இதில்தான் மிகுந்த கவனம் வேண்டும் என்று கருதுகிறேன். தமிழாக்கக் கோப்பில் யாரோ ‘பூட்டுடைப்பு’ என்று எழுதியிருக்கிறார்கள். ‘பூட்டை உடைத்து 20 பவுன் நகை கொள்ளை’ என்று நாள்தோறும் செய்தித்தாளில் படிக்கும் நமக்கு அந்தச் சொல் குற்றத்தை முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது. சட்டம் எல்லா இடத்திலும் அப்படித் தீர்மானிக்கவில்லை. 1999-இல், சி.எஸ்.எஸ். காப்பை நீக்கும் டிசிஎஸ்எஸ் நிரலை வெளியிட்டதற்காக வழக்கில் சிக்கிய நார்வே சிறுவர் யோன் லெக் யோஹான்சன், 2003 ஜனவரியிலும், மேல்முறையீட்டில் அதே ஆண்டு டிசம்பரிலும் விடுவிக்கப்பட்டார். முறையாக வாங்கிய படத்தைப் பார்ப்பதற்காக அதை அணுகுவது குற்றமாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவும், உரிமையை மீறும் நோக்கத்துடன் காப்பைக் கடப்பவருக்கே இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. நோக்கம் என்ற சொல் அங்கே பொருளின்றி இடப்படவில்லை. அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டு எண்ணிமப் பதிப்புரிமைச் சட்டமோ கடுமையானது. இத்தகைய காப்பைக் கடப்பதையே அது தடுக்கிறது, விலக்குகளைத் தனியே கேட்டுப் பெற வேண்டும். சொந்த டிவிடியைப் பலகைக் கணினிக்கு மாற்றிக்கொள்ள விலக்கு கேட்டு வைத்த விண்ணப்பம் 2012-இல் அங்கே மறுக்கப்பட்டது. ஆகவே, தீர்ப்பு எதையும் உள்ளே வைத்திராத ‘பூட்டுத்திறப்பு’ என்ற சொல்லே நமக்குப் போதும்.

அதே 2012 முடிவில் சொல்லாக்கத்தில் ஈடுபடும் நாம் கவனிக்க வேண்டிய ஒரு செய்தியும் உண்டு. திறன்பேசிகளின் மென்பொருள் தளைகளை நீக்கிக்கொள்ள விலக்கு அளித்த அமெரிக்க அதிகாரிகள், பலகைக் கணினிகளுக்கு அதை மறுத்தார்கள். மின்னூல் படிப்பான், கையடக்க விளையாட்டுக் கருவி, மடிக்கணினி எல்லாம் அந்தப் பெயருக்குள் வந்துவிடக்கூடும், வரையறை போதவில்லை என்பதே காரணம். 2015-இல்தான் அந்த விலக்கு பலகைக் கணினிகளையும் எட்டியது. ஒரு சொல்லின் எல்லை தெளியாததால் மூன்று ஆண்டுகள்! ‘டேப்லெட்’ என்பதற்கு ‘மாத்திரை’ என்று விளையாட்டாகத் தொடங்கி ‘சிலேட்டுக் கணினி’ வரை போன நம் பழைய இழையை இந்த இடத்தில் நினைத்துக்கொண்டேன். அதை மீண்டும் திறக்க வேண்டாம். ‘பலகைக் கணினி’ நிலைத்துவிட்டது.

சொல்குடும்பமாகப் பார்த்தாலும் ‘உரிமப்பூட்டு’ வளைந்து கொடுக்கிறது: உரிமப்பூட்டுள்ள படம், பூட்டற்ற கோப்பு, பூட்டுத்திறப்பு. வட்டில் உள்ள படத்தைத் தன் மற்றொரு கருவிக்கு மாற்றிக்கொள்வதற்கு ‘ஊடகப்பெயர்ப்பு’ என்று வைக்கலாம். ‘இடமாற்றம்’ என்றால் அரசு ஊழியரின் ஆணைதான் நினைவுக்கு வரும். ‘சாவி’யை நீக்கித் ‘திறவி’ இட வேண்டும் என்ற கோரிக்கையை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. போர்ச்சுக்கீசியத்திலிருந்து வந்தது என்பதற்காகச் சாவியை ஒதுக்கினால், அலமாரியையும் ஜன்னலையும் அதனுடனேயே வெளியே வைக்க வேண்டியிருக்கும்.

தமிழாக்கக் கோப்பில், பூட்டுள்ள படம் ஓடாதபோது தோன்றும் பிழைச்செய்தியைத் தற்காலிகமாக இவ்வாறு மாற்றி வைத்துள்ளேன்: ‘இந்தப் படத்தில் உரிமப்பூட்டு உள்ளது. அதைத் திறக்கும் சாவி இந்தக் கருவியில் இல்லை.’ மறுப்புள்ளவர்கள், இதைவிட நீளாத மாற்றுச் சொல்லுடன் எழுத வேண்டுகிறேன்.

அன்புடன்,
குழு உறுப்பினர் ஒருவர்