மேக்ரோவில் எறும்பின் கண் மங்கல், எஃப் 22 வைத்தும் சரிவரவில்லை

கேள்வி:
ஃபுல் ஃபிரேம் கேமரா, 100 எம்எம் மேக்ரோ லென்ஸ். கட்டெறும்பை 1:1 அளவில் (சென்சாரில் அதன் நிஜ அளவிலேயே விழும்படி) கேமராவைக் கையில் பிடித்தே எடுக்கிறேன். லென்ஸ் துளை எஃப் 2.8 (எண் கூடினால் துளை சிறுக்கும்), ஷட்டர் 1/1000 நொடி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 400, ஆட்டோ ஃபோகஸ். கேமரா திரையில் நன்றாகத்தான் தெரிகிறது. கணினியில் பெரிதாக்கினால் உணர்கொம்பு மட்டும் கூர்மை, கண் மங்கல். எஃப் 22 வைத்தால் ஷட்டர் தானாக 1/15-க்கு இறங்கி, படம் முழுக்கவே மழுங்கிவிடுகிறது. லென்ஸ் கோளாறா?

பதில் 1:
உணர்கொம்பு கூர்மையாக விழுகிறதே, லென்ஸ் நன்றாக இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. 1:1-இல் எஃப் 2.8 வைத்தால் கூர்மையாக விழும் ஆழம் சுமார் மூன்றில் ஒரு மில்லிமீட்டர். மூச்சு விட்டாலே அது தாண்டிவிடும். எஃப் 11-இல் 1.3 மி.மீ. கிடைக்கும்.

ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிடுங்கள். ஃபோகஸ் வளையத்தை 1:1-இல் வைத்தபின் தொடவே வேண்டாம். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, உடம்பை மெல்ல முன்னால் சாய்த்தபடியே தொடர் ஷாட்டில் ஐந்தாறு படம் தட்டுங்கள். ஒன்றிலாவது கண் சிக்கும்.

பதில் 2:
எஃப் 22 விஷயம் வேறு. எறும்பின் முதுகில் மினுங்கும் புள்ளியைப் பெரிதாக்கிப் பாருங்கள். கோடாக இழுபட்டிருந்தால் கை ஆட்டம். 1/15-க்கு அது நிச்சயம் உண்டு. இழுபடாமல் எல்லா இடமும் ஒரே சீராக மழுங்கியிருந்தால் டிஃப்ராக்‌ஷன், சின்னத் துளையில் நுழையும் ஒளி விரிந்து பரவுவது; பள்ளியில் விளிம்பு விளைவு என்று படித்தோமே, அதுதான். 1:1-இல் எஃப் 22 கிட்டத்தட்ட எஃப் 44 போல நடந்துகொள்ளும், அதனால் எஃப் 11-ஐத் தாண்டாதீர்கள்.

எஃப் 11-இல் வெளிச்சம் குறையும், அதற்கு ஃபிளாஷ் வேண்டும். மேனுவல் மோடில் 1/200, ஐஎஸ்ஓ 200. ஃபிளாஷுக்கு முன்னால் வெள்ளைத் தாள் கட்டி, எறும்புக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாகக் கொண்டுவாருங்கள். தாள் இல்லையென்றால் முதுகில் வெள்ளைத் திட்டு விழும். அசைவை உறைய வைப்பது இங்கே ஷட்டர் இல்லை, ஃபிளாஷின் கண நேர வெட்டுதான்.

கேட்டவர்:
கண் சிக்கிவிட்டது! ஆனால் பின்னணி ராத்திரியில் எடுத்த மாதிரி இருட்டு.

பதில் 2:
ஃபிளாஷ் வெளிச்சம் இரு மடங்கு தூரத்தில் கால் பங்காகிவிடும். எறும்புக்குப் பின்னால் நான்கு விரற்கடை தள்ளி ஒரு பச்சை இலை இருக்கும்படி கோணம் பாருங்கள். இலை அமையாவிட்டால் ஐஎஸ்ஓவை 800 ஆக்கி, ஃபிளாஷ் சக்தியைக் கால் பங்காகக் குறையுங்கள். ஐஎஸ்ஓவை அதற்கு மேல் ஏற்றினால் பகல் வெளிச்சமும் பதிந்து, ஓடும் எறும்புக்கு நிழல் போல இரட்டை விளிம்பு வரும்.