வெளி விறகு பாய்லர்: தண்ணீரை எத்தனை டிகிரியில் வைப்பது?

ஒன்டாரியோவில் நகரத்தை விட்டுத் தள்ளி, கொஞ்சம் நிலத்தோடு வீடு வாங்கினால் சில நேரம் கொல்லையில் ஒரு விறகு பாய்லரும் சேர்ந்தே வரும்: வெளியே விறகை எரித்துத் தண்ணீரைச் சூடாக்கி, குழாய் வழியாக வீட்டுக்கு அனுப்பும் தொட்டி. பழைய உரிமையாளர் "180-இல் விட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். விறகு கரையும் வேகத்தைப் பார்த்ததும், வீடுதான் கதகதப்பாக இருக்கிறதே, 150-க்கு இறக்கினால் என்ன என்று தோன்றும் (எல்லாமே ஃபாரன்ஹீட் கணக்கு). தயவுசெய்து இறக்காதீர்கள்.

வீட்டுக்குப் போகும் தண்ணீரை மட்டும் பார்த்தால் போதாது, சுற்றிவிட்டுத் திரும்பி வரும் தண்ணீரையும் பார்க்க வேண்டும். அது 140 ஃபாரன்ஹீட்டுக்கு (60 செல்சியஸ்) கீழே போனால், புகையில் இருக்கும் ஈரம் உள்சுவர் இரும்பில் வேர்க்கும். அந்த ஈரத்தில் அமிலமும் இருப்பதால் இரும்பை மெல்ல அரித்துவிடும். கூடவே தாரும் திட்டுத் திட்டாகப் படியும். போவதற்கும் திரும்புவதற்கும் 20 டிகிரி வித்தியாசம் சாதாரணம். அப்படியென்றால் 150-இல் வைத்தால் திரும்புவது 130. பாய்லருக்கு அது ஆகாது.

அதனால் 180-இல் வையுங்கள், இடைவெளி 10. தண்ணீர் 170-க்கு இறங்கினால் தீக்குப் போகும் காற்றுவழி திறந்து தீ எழும்பும், 180 வந்ததும் காற்று அடைபடும். 190-க்கு மேல் ஏற்றவும் வேண்டாம். இந்த வகைப் பாய்லர்களில் பெரும்பாலானவை அழுத்தமில்லாத திறந்த தொட்டிகள், 212-இல் கொதித்து ஆவியாகிப் போகும். காற்று அடைபட்ட பிறகும் தணலின் சூட்டில் இன்னும் சில டிகிரி ஏறும், அதுவும் வெயிலடிக்கும் மார்ச் மாதப் பகல்களில். வீட்டுக்குக் கொடுக்கும் குழாயிலும் திரும்பும் குழாயிலும் ஒவ்வொரு வெப்பமானியைக் கட்டிவிடுங்கள். வித்தியாசம் 20-ஐத் தாண்டிக்கொண்டே போனால் தண்ணீர் ஓட்டம் குறைவு: பம்பையும் வடிகட்டியையும் பாருங்கள்.

வீட்டுக்குள் சூடு அதிகமென்றால் அங்கேதான் குறைக்க வேண்டும். தரைக்கடியில் குழாய் ஓடும் வீட்டுக்கு 100 முதல் 120 வரை போதும், அதற்கு மிக்ஸிங் வால்வு (சூடான தண்ணீரில் சூடு குறைந்த தண்ணீரைக் கலந்துவிடும் வால்வு) இருக்க வேண்டும். குளியலறைக் குழாய்க்கும் அப்படித்தான்: 120-க்கு (49 செல்சியஸ்) மேல் வரக் கூடாது. 140 டிகிரித் தண்ணீர் சில நொடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்த வால்வு இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

சரி, விறகை எப்படித்தான் மிச்சப்படுத்துவது? காய்ந்த விறகை எரியுங்கள், அவ்வளவுதான். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். கட்டையைப் பிளந்து, புதிதாகப் பிளந்த முகத்தில் ஈரப்பத மீட்டரைக் குத்தி அளக்க வேண்டும், வெளிப்பக்கம் எப்போதும் காய்ந்த மாதிரிதான் காட்டும். இந்தக் குளிருக்கான விறகு போன வருடமே பிளந்து அடுக்கியதாக இருக்கட்டும். பூச்சி பரவும் என்பதால் தூரத்திலிருந்து விறகு ஏற்றி வராதீர்கள், பக்கத்தில் வெட்டியதையே வாங்குங்கள்.

டிசம்பரில் ஊருக்குப் போகிறீர்களா? தண்ணீரைச் சுற்றவைக்கும் பம்பை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். ஃபர்னஸின் (வீட்டுக்குள் காற்றைச் சூடாக்கும் கருவி) காற்றுக் குழாய்க்குள் ஹீட் எக்ஸ்சேஞ்சர் (பாய்லர் தண்ணீருக்கும் காற்றுக்கும் இடையே சூட்டை மாற்றும் கருவி) இருக்கும் வீட்டில், பம்ப் ஓடினால் ஃபர்னஸின் சூடே கொல்லைக்குப் போய்த் தண்ணீர் உறையாமல் காக்கும். ஆனால் கரண்ட் போனால் பம்பும் நின்றுவிடும், அதனால் பக்கத்து வீட்டாரிடம் ஒரு சாவியைக் கொடுத்து, ஜெனரேட்டர் போடவும் காட்டிவிட்டுப் போங்கள்.